யாருக்கு விவஸ்தை இல்லை?

பாவூர்சத்திரத்தில் எனக்கு ஒரு சித்தி இருக்கிறாள். எழுபதைத் தாண்டியாச்சு. வாழ்நாள் முழுக்க பீடி சுற்றினவள். இப்போதும் சும்மா இருக்கமாட்டாள். திண்ணையில் மடியில் சுளகோடுதான் பார்க்கலாம். தெருவில் யார் வீட்டில் துட்டி என்றாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பாள் என்று பெயர். (நெல்லைச் சீமைக்கு வெளியே இருப்பவர்களுக்கு: துட்டி என்றால் சாவு, துக்கம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னித்துவிடுவார்கள். துட்டி கேட்கப் போகாவிட்டால் அது தலைமுறைப் பகை.)

போன மாதம் சொந்தத்தில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். "கிளம்புங்க சித்தி, சேர்ந்தே போயிடலாம்" என்றேன்.

"நீ போயிட்டு வா யய்யா. நான் வரல."

"ஏன், உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு என்ன... இந்தச் சனியன் கத்துனா நான் என்ன செய்ய?"

சனியன் என்று அவள் காட்டியது தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த செல்போனை. விசாரித்ததில் தெரிந்தது: சித்தி ஆறு மாதமாக எந்தத் துட்டிக்கும் போகவில்லை.

கதை இதுதான். மகன் துபாயில் இருக்கிறான். ஊருக்கு வந்தபோது அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தான். வாரம் ஒரு தடவையாவது அம்மா முகத்தைப் பார்க்கலாமே என்ற ஆசை. போனுக்கு முன்பக்கமும் கண்ணாடி, பின்பக்கமும் கண்ணாடி. விழுந்தால் போச்சு. எனவே பஜாரில் ஒரு கடையில் மூடி வைத்த கெட்டி கவர் ஒன்று. "இந்த மாடலுக்குன்னு தனியா வராது ஆச்சி, இதுவே செட் ஆகும்" என்று கடைப் பையன் அமுக்கி மாட்டிக் கொடுத்திருக்கிறான். பேரன் தன் பங்குக்கு, பாட்டிக்குக் காது மந்தமாச்சே என்று, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு குத்துப்பாட்டை ரிங்டோனாக வைத்துவிட்டான். யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு துட்டி வீடு. சின்ன வயசுச் சாவு. பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்த நேரத்தில், சித்தியின் மஞ்சள் பைக்குள்ளிருந்து குத்துப்பாட்டு ஆரம்பித்திருக்கிறது.

பதறிப்போய் எடுத்து, மூடியைத் திறந்து, பக்கவாட்டில் இருக்கிற பட்டனை அமுக்கியிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பலமாய் அமுக்கியிருக்கிறாள். பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. திரையில் மகன் படம். பச்சையைத் தள்ளினால் அவன் முகம் வந்துவிடும், பிணத்தைச் சுற்றி அழுகிற கூட்டத்தில் வீடியோவா? சிவப்பைத் தள்ளினால், 'அம்மா ஏன் கட் பண்றா, என்னாச்சோ' என்று அவன் திரும்பத் திரும்ப அடிப்பான். அவளுக்கு வேண்டியது பேச்சும் இல்லை, துண்டிப்பும் இல்லை. அது சத்தம் போடாமல் அடித்து ஓயவேண்டும். அவ்வளவுதான். அந்த ஒன்றைத்தான் அவளால் செய்ய முடியவில்லை.

கடைசியில் என்ன செய்தாள் தெரியுமா? போனைக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் பாட்டு கேட்டது. இரண்டு இளவட்டங்கள் சிரித்திருக்கிறார்கள். பந்தல் ஓரத்திலிருந்து ஒரு ஆண் குரல்: "வயசாகியும் ஒரு விவஸ்தை வேண்டாமா?"

ஐம்பது வருஷமாக அந்தத் தெருவின் ஒவ்வொரு சாவுக்கும் ஒப்பாரி வைத்தவளைப் பார்த்து கேட்ட கேள்வி அது.

வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதையும் ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறாள். மகன் கூப்பிட்டுப் பார்த்து, எடுக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, அவர்கள் எதிர் வீட்டுக்குச் சொல்லி, ஆள் திரண்டு தேடிவிட்டார்கள். சித்தி சாவகாசமாய்த் திரும்பி வந்தால் வாசலில் கூட்டம். அதிலிருந்துதான் இந்த முடிவு: போனும் இருக்கட்டும், நாமும் வீட்டிலேயே இருப்போம்.

அன்று சாயங்காலம் அந்தப் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கவரைக் கழற்றினேன். பட்டனைத் தொட்டேன், வெண்ணெய் மாதிரி அமுங்கியது. கவரை மாட்டினேன். அதே பட்டன், சுவரை அமுக்குவது போலிருந்தது. கவரில் பட்டன் மாதிரி ஒரு மேடு இருக்கிறதல்லவா, அது உண்மையான பட்டனுக்கு அரை விரல்கடை கீழே இருந்தது. 'செட் ஆகும்' என்றானே, அது வெளி அளவுக்கு மட்டும்தான் செட். ஸ்மார்ட்போனின் பக்கவாட்டு பட்டன் உள்ளே போகிற தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மேடு சரியான இடத்திலேயே இருந்தாலும், ரப்பர் கெட்டியாக இருந்தால் அந்தத் துளி அசைவை அது விழுங்கிவிடும். இளவயசு விரலே திணறும். பீடி இலை சுருட்டிச் சுருட்டித் தேய்ந்த எழுபது வயசு விரல் என்ன செய்யும்?

நான் படித்தது பி.காம். எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் அடக்கவிலைக் கணக்கு போடத் தெரியும். ஒரு சரக்கு ஒழுங்காகப் பிழைத்திருக்க இன்னொரு சரக்கு கட்டாயம் வேண்டும் என்றால், அந்த இரண்டாவதும் முதல் சரக்கின் அடக்கவிலையில் சேர்ந்ததுதான். பின்பக்கத்தைக் கண்ணாடியில் செய்தது யார்? நாமா கேட்டோம்? பழைய நோக்கியாவை நாய்க்கு எறிந்துவிட்டு, பொறுக்கி எடுத்து, அதிலேயே பேசினோம். கண்ணாடியில் செய்து பளபளவென்று விளம்பரம் காட்டி விற்பது கம்பெனி. அது உடையாமல் பார்த்துக்கொள்ளும் செலவு நம் கணக்கில். கவர் போட்டதால் பட்டன் செத்துப்போனால் அந்த நஷ்டமும் நம் கணக்கில். துட்டி வீட்டில் வாங்கின வசவு? அதற்கு எந்தப் பேரேட்டிலும் பக்கமே கிடையாது.

கவர் வேறு யாரோ செய்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கம்பெனிகள் சொல்லும். அப்படியா? 2010-ல் ஆப்பிள் கம்பெனி ஐபோன் 4 வெளியிட்டது. போனின் விளிம்பில் ஆன்டெனா. குறிப்பிட்ட இடத்தில் கை பட்டால் சிக்னல் இறங்கியது. உலகம் முழுக்கக் கூச்சல். ஜூலை மாதம் ஸ்டீவ் ஜாப்ஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டிவைத்து என்ன நிவாரணம் அறிவித்தார்? இலவசமாக ஒரு கவர்! தன் போனின் குறையை மறைக்க வேண்டியபோது கவர் அவர்கள் வீட்டுப் பிள்ளை. நம் கைக்கு பட்டன் அகப்படாதபோது மட்டும் அது யாரோ பெற்ற பிள்ளை.

செய்ய முடியாது என்பதும் பொய். 2024-ல் வந்த ஐபோன் 16-ல் கேமராவுக்கென்று தொடு உணர்வுள்ள ஒரு பட்டன் வைத்தார்கள். கவர் மூடினால் அது வேலை செய்யாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே தங்கள் கம்பெனிக் கவரில், விரலின் தொடுதலைக் கடத்துகிற மாதிரி நீலக்கல் படிகத் துண்டு ஒன்றைப் பதித்தார்கள். படம் எடுக்கிற பட்டனுக்கு நீலக்கல்! வாயை மூடுகிற பட்டனுக்கு பஜார் ரப்பர்.

அதே ஐபோன்களில் 2007-லிருந்து ஒரு சின்ன நெம்பு சுவிட்ச் இருந்தது, ஞாபகமிருக்கிறதா? பக்கவாட்டில், மேலே. இப்படித் தள்ளினால் சத்தம், அப்படித் தள்ளினால் மௌனம். கவர் செய்கிறவர்களும் அந்த இடத்தில் மறக்காமல் ஒரு ஓட்டை விட்டார்கள். பாக்கெட்டுக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலே போனை ஊமையாக்கலாம். 2023-ல் விலை கூடிய மாடல்களில் அதை எடுத்துவிட்டு, பத்து வேலை செய்கிற ஒரு பட்டனை வைத்தார்கள். அடுத்த வருஷம் ஐபோன் 16 மொத்தத்துக்கும் அதுதான். ஒன்பிளஸ் கம்பெனி 2015-லிருந்து அதேபோல ஒரு தள்ளு சுவிட்ச் வைத்திருந்தது, எனக்குப் பிடித்த விஷயம். 2025-ல் அவர்களும் ஒரு மாடலில் எடுத்துவிட்டு பட்டனுக்கு மாறினார்கள். தள்ளு சுவிட்சைக் கவருக்கு மேலே விரல் தொட்டே அறியும். பட்டனைக் கவர் மூடிக்கொள்ளும். இந்தச் சின்ன வித்தியாசம் டிசைன் பண்ணுகிறவர்களுக்குத் தெரியாதா?

பழைய கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். நோக்கியா 3310-ல் உச்சந்தலையில் ஒரு பட்டன். லேசாய் ஒரு அமுக்கு, 'சைலன்ட்' என்று பட்டியல் வந்து நிற்கும். நீட்டி அமுக்கினால் போனே அணையும். அதை ஒரு தடவை கற்றுக்கொண்டவர், பத்து வருஷம் அதே விரலில் அதே வேலையைச் செய்தார். இன்றைக்கு? "சுவிட்ச் ஆஃப் பண்ணித் தொலைக்க வேண்டியதுதானே" என்று துட்டி வீட்டில் எரிந்து விழுகிற புண்ணியவான்களே, உங்கள் போனை எடுத்து நீங்களே அணைத்துப் பாருங்கள். இப்போது பல போன்களில் பவர் பட்டனை நீட்டி அமுக்கினால் அணையாது. 'சொல்லுங்கள், என்ன உதவி வேண்டும்?' என்று ஒரு கணினிக் குரல் வந்து நிற்கும். அணைக்க வேண்டுமென்றால் அதையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அமுக்கவேண்டும். ஆக, கவருக்குள் புதைந்த ஒரு பட்டனை அமுக்க முடியாதவளிடம், புதைந்த இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கச் சொல்கிறீர்கள். வாயால் சொன்னாலே கேட்கும் என்கிறார்கள் இன்னும் சிலர். சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு 'ஏ கூகுள், சும்மா இரு' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இது படிக்காத கிராமத்துக் கிழவியின் சங்கடம் என்று நினைத்துவிட வேண்டாம். 2012 ஜனவரி 10. நியூயார்க் நகரின் ஏவரி ஃபிஷர் அரங்கம். நியூயார்க் பில்ஹார்மானிக் இசைக்குழு, மாலரின் ஒன்பதாவது சிம்பொனியை வாசித்துக்கொண்டிருக்கிறது. கடைசிப் பகுதி. மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி அமைதி தேவைப்படுகிற இடம். முன்வரிசையிலிருந்து ஒரு ஐபோன் மரிம்பா தாளம் போட ஆரம்பித்தது. நிற்கவேயில்லை. இசை நடத்துநர் ஆலன் கில்பர்ட் வாசிப்பையே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஜனங்கள் கத்தினார்கள், வெளியே அனுப்பச் சொன்னார்கள். போனுக்குச் சொந்தக்காரர் ஒரு கம்பெனி அதிகாரி, வருஷக்கணக்காய்ச் சந்தா கட்டி கச்சேரி கேட்பவர். முந்தின நாள்தான் அந்த போன் ஆபீஸில் அவர் கைக்கு வந்தது. அவர் பொறுப்பாக அதை சைலன்ட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். அடித்தது அழைப்பு அல்ல, அலாரம்! சைலன்ட்டில் போட்டாலும் அலாரம் அடிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அடிப்பது தன் போன் என்பதே அவருக்கு உறைக்க நேரமாயிற்று. மறுநாள் பத்திரிகைகள் அவரைக் கிழித்தன.

நியூயார்க் கனவானுக்கும் பாவூர்சத்திரம் பீடித் தொழிலாளிக்கும் நடந்தது ஒன்றேதான். கருவி சொன்னபடி கேட்கவில்லை, திட்டு மட்டும் மனுஷருக்கு.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி நூறு மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிறது. பைக்குள் இருக்கிற ஒலிபெருக்கி அதன் நினைப்பில் இல்லை. கோயில்களுக்கு ஒரு தீர்வு வந்தது. திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்போனே கூடாது என்று உத்தரவிட்டது. போட்டோ, வீடியோ எடுத்துச் சந்நிதியைச் சந்தையாக்கினதுதான் முக்கியக் காரணம். வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு போகலாம். சித்திக்கு அதில் நிம்மதிதான். ஆனால் துட்டி வீட்டு வாசலில் யார் டோக்கன் போடுவது?

2019-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்பாளரின் பொறுப்பு என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்று போதுமான விளக்கம் தராததும் அதில் ஒரு குற்றம். ஆனால் உடம்புக்கோ சொத்துக்கோ சேதம் வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். வெட்கத்துக்கு அங்கே இடமில்லை. சித்தியின் போன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எறும்பு எழுத்தில் ஒரு தாள். தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை. தமிழ்நாட்டில் விற்கிற போனுக்கு, 'அடிக்கும்போது நிறுத்துவது எப்படி' என்று தமிழில் நாலு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. எந்தக் காரில் ஏறி உட்கார்ந்தாலும் பிரேக், ஆக்ஸிலேட்டருக்கு இடப்பக்கம்தான் இருக்கிறது. மாருதிக்கு ஒரு இடம், டாடாவுக்கு ஒரு இடம் என்று இல்லை. ஏன்? நிறுத்துவது என்பது கம்பெனியின் கற்பனைக்கு விட்டுவிடக்கூடாத காரியம். ஹெல்மெட்டுக்கும் குக்கருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கேட்கிறோம். அரசாங்கம் நினைத்தால் போன் கம்பெனிகளை வழிக்குக் கொண்டுவர முடியாது என்று யாராவது சொன்னால், ஐரோப்பாவைக் காட்டுங்கள். ஆளுக்கு ஒரு சார்ஜர் என்று ஆடிக்கொண்டிருந்தவர்களை, 2024 டிசம்பர் 28 முதல் விற்கும் போன்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சி-டைப் துவாரம் என்று ஐரோப்பிய யூனியன் ஒரு கயிற்றில் கட்டிவிட்டது. அதே மாதிரி, எந்த போனாக இருந்தாலும், எந்த கவர் போட்டிருந்தாலும், ஒரே அசைவில் வாயை மூடவேண்டும், கடையிலிருந்து வெளியே வரும்போதே அந்த வசதி முடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நம் தர நிர்ணய அமைவனம் ஒரு விதி போடட்டும். கவர் விற்கிறவனும் எந்த மாடலுக்கு என்று அதன் மேலேயே அச்சடிக்கட்டும்.

நம் பங்கும் இருக்கிறது, மறுக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கும் சேர்த்து வீடியோ பார்க்கிற சமூகம் நாம். ஆனால் வேண்டுமென்றே சத்தம் போடுகிறவனையும், நிறுத்த முடியாமல் தவிக்கிறவளையும் ஒரே தராசில் வைத்து 'விவஸ்தை' கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சத்தம் போட்டு வீடியோ பார்க்கிறவனை நாம் கேட்பதேயில்லை என்பது வேறு விஷயம்.

விதி வரும்போது வரட்டும். அதுவரைக்கும் உங்கள் வீட்டுப் பெரியவரின் போனை இன்றைக்கே கையில் எடுங்கள். அவர் எதிரிலேயே இன்னொரு போனிலிருந்து அழையுங்கள். அநேகமாக எல்லா போன்களிலும், அடிக்கும்போது பவர் பட்டனையோ வால்யூம் பட்டனையோ எதை ஒரு தடவை அமுக்கினாலும் சத்தம் நிற்கும், அழைப்பு துண்டிக்கப்படாது. கவரோடு அது அமுங்குகிறதா என்று அவரை விட்டு அமுக்கச் சொல்லிப் பாருங்கள். உங்கள் விரலால் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அமுங்கவில்லையென்றால் கவரைத் தூக்கி எறியுங்கள், அல்லது பட்டன் இருக்கும் இடத்தில் ஒரு பிளேடால் ஓட்டை போடுங்கள். அழகு குறையும், மானம் மிஞ்சும். கிளம்பும் முன் திரையை மேலிருந்து கீழே இழுத்தால் ஒரு மணிப் படம் இருக்கும், அதைத் தொட்டுச் சத்தத்தை மூடலாம். ஈரக்கையோடு தொட்டால் திரை மக்கர் பண்ணும், முந்தானையில் துடைத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில், அடிக்கும்போது குப்புறத் திருப்பினால் சத்தம் நிற்கிற வசதியும் உண்டு. என்ன, அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். சில போனில் 'சைகைகள்' என்ற தலைப்புக்குள், சிலதில் அழைப்பு அமைப்புகளுக்குள். சித்தியின் போனில் எனக்கு இருபது நிமிஷம் பிடித்தது.

அதை முடுக்கிவிட்டு, "சித்தி, அடிச்சா பட்டனைத் தேடாதீங்க. குப்புறப் போடுங்க" என்றேன்.

"தோசையத் திருப்பிப் போடுற மாதிரியா?"

"அதேதான்."

நான் என் போனிலிருந்து அடிக்க, அவள் திருப்பிப் போட, பத்துப் பதினைந்து தடவை பழகினோம். கடைசி நாலைந்து தடவை அவள் சிரித்துக்கொண்டே திருப்பினாள்.

மறுநாள் துட்டி கேட்க சேர்ந்தே போனோம். போனைப் பைக்குள் போடவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். உட்கார்ந்து பத்து நிமிஷம் இருக்கும், குத்துப்பாட்டு ஆரம்பித்தது. துபாய்தான். சித்தி பதறவில்லை. மடியில் வைத்துத் திருப்பிப் போட்டாள். நின்றது.

என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த இன்னொரு ஆச்சியின் பைக்குள்ளிருந்து வேறொரு பாட்டு ஆரம்பித்தது. அவளும் எடுத்தாள். அவளும் கெட்டியான கவருக்கு மேல் விரலை வைத்து அமுக்கு அமுக்கென்று அமுக்கினாள்.